கைராசிக்காரி

காலையில் உலை கொதிப்பதற்கு முன்பே மாமியார் சந்தனம்மாள் கொதிக்க ஆரம்பித்துவிட்டாள். மருமகள் தங்கமாரியின் கணக்கில் மாதாமாதம் விழும் உரிமைத்தொகை ஆயிரத்தை மூன்று மாதமாகக் கண்ணிலேயே காணோம். தறிக்கூடத்தில் இடுப்பு ஒடிந்து படுத்துவிட்ட மகன் சோலைச்சாமிக்கு மாத்திரை அந்தக் காசில்தான். தங்கமாரி பாளையம்பட்டியில் நூல் சுற்றிக் கொண்டுவரும் கூலி அரைவயிற்றுக்கே சரியாகப் போகும்.

"ஒங்காத்தா வீட்டுக்குத்தானடி போகுது? எம்புள்ள வலியில முனங்குறது ஒங்காதுல விழலையா?"

தங்கமாரி வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கொழுந்தன் மருதுபாண்டிக்குச் சத்தியம் செய்து கொடுத்துத் தொலைத்திருந்தாளே, பாவி மகள்!

அவனுக்குப் பெண் பார்த்த சமயம் பழைய கார் ஒன்று வாங்கினார்கள். மருமகள் கைராசிக்காரி, அவள் பேரில் வாங்கினால்தான் விளங்கும் என்று அடம்பிடித்தவளே இந்தச் சந்தனம்மாள்தான். கல்யாணம் முடிந்த கையோடு மருதுபாண்டி அதை யாரோ தரகனிடம் தள்ளிவிட்டு, மதுரையில் வாடகைக்கு ஓடுவதாக அம்மாவிடம் சொல்லிவைத்தான். பேரை மாற்றத்தான் மறந்துபோனான். விற்றதைத் தெரிந்துகொண்ட தங்கமாரியிடம், அம்மாவிடம் சொல்லக்கூடாதென்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

சந்தனம்மாள் அன்று விடவில்லை. மருமகளையும் மருதுபாண்டியையும் இழுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். இ-சேவை மையத்தில் இருந்த பெண் கணினியைப் பார்த்து, இந்த அக்கா பேரில் கார் இருக்கிறது, கார் உள்ள குடும்பத்துக்குத் தொகை வராது என்றாள். மருதுபாண்டியால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். தரகனின் போன் எப்போதோ அணைந்துபோயிருந்தது; இனி பேரை மாற்றவும் வழியில்லை.

"நாஞ் சொல்லித்தானடி ஒம் பேர்ல எழுதுனாக... நானே ஒன்னயத் திருடின்னுட்டேனே..." சந்தனம்மாள் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

கார் உள்ளவர் ரேஷன் கார்டில் இல்லையென்றால் மாமியார் பேரில் மனுப் போடலாம் என்றாள் அந்தப் பெண். தங்கமாரிக்கு வீட்டில் காலியாகக் கிடக்கும் மாத்திரை அட்டைதான் கண்ணில் நின்றது.

"எம் பேர எடுத்துருங்க தாயி."

"காரணம் போடணும்க்கா. இறப்பா, கல்யாணமா, தனிக்குடித்தனமா?"

"தனியாப் போயிட்டேன்னு போடுங்க."

சந்தனம்மாள் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். குடும்பத் தலைவி என்று அச்சடித்த கார்டில் இனி அவள் பேரே இராது. அவள் பங்கு அரிசியும் போகும். புது மனு எப்போது வாங்குவார்கள் என்று கேட்டதற்கு, அரசு அறிவித்தால்தான் உண்டு என்று பதில் வந்தது.

"எங்கடி போவ நீ..."

தங்கமாரி ஒப்புகைச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எங்கயும் போகல அத்தை. வாங்க, பஸ்ஸு வந்துரும். அவுகளுக்குக் கஞ்சி வைக்கணும்."