வெல்லத்தின் மூக்கு

போடி மலையடிவாரத்தில் உள்ள சிலமலை ஊரில் செவலை நாய்கள் எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணினாலும் குழம்பிவிடும். எல்லாம் ஒரே நிறம், ஒரே மாதிரி காது. அன்னக்கொடியின் நாய்க்கு மட்டும் வால் நுனியில் கொஞ்சம் வெள்ளை. அதன் பெயர் வெல்லம்.

வெல்லத்திடம் ஒரு குறை உண்டு. பொறை ரொட்டி கொடுப்பவர்கள் எல்லாரும் அதற்குச் சொந்தக்காரர்கள்தான்.

அன்னக்கொடியின் அம்மா கருத்தம்மா தினமும் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவார். காலையில் ஜீப்பு வந்ததும் டிரைவர் சீனிச்சாமி ஒரு நோட்டையும் மைப்பெட்டியையும் நீட்டுவார். ஏறுகிறவர்கள் எல்லாரும் கைநாட்டு வைக்க வேண்டும்.

"பேரு எழுதத் தெரிஞ்சவுகளும் எதுக்கு மாமா கைநாட்டு வைக்கிறாக?" என்று ஒருநாள் அன்னக்கொடி கேட்டாள்.

"பேரை யாரு வேணாலும் எழுதிறலாம்த்தா. ஒருத்தரு ரேகை இன்னொருத்தருக்கு இருக்காது."

இதைக் கேட்டபின் அவள் சும்மா இருப்பாளா? காலடியில் நின்ற வெல்லத்தின் மூக்கைப் பாவாடையால் துடைத்தாள். மை தடவினாள். பள்ளிக்கூட நோட்டின் கடைசித் தாளில் மெல்ல அழுத்தி எடுத்தாள்.

அந்தச் சின்ன மூக்கில் இத்தனை கோடுகளா? கண்மாய் காய்ந்து வெடித்தது போலத் தாள் முழுக்கக் குட்டிக் கட்டங்கள். நடுவில் மட்டும் மாங்கொட்டை வடிவில் ஒரு பெரிய கட்டம்.

அடுத்த வீட்டு நாயின் மூக்கைப் பதித்தாள். அதில் மாங்கொட்டை இல்லை. எதிர்வீட்டு நாய்க்கும் இல்லை. தெருவில் இருந்த ஏழு நாய்களுக்கும் ஏழு விதமான கோடுகள். தினமும் பார்க்கிற நாய்கள்தான், ஆனால் அன்று அவற்றைப் பார்த்தபோது அவளுக்கு மரியாதை வந்தது.

"பாவாடையில மையப் பாரு" என்று அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தார்.

ஆடி மாதம் ஒருநாள் வெல்லம் யாருக்கும் தெரியாமல் ஜீப்பில் ஏறிக்கொண்டது. போடிமெட்டில் எல்லாரும் டீ குடிக்க இறங்கியபோது அதுவும் குதித்து இறங்கி, மூடுபனிக்குள் ஓடியது. பிறகு காணவில்லை.

பதினெட்டு நாட்கள் ஓடின. வெல்லத்தின் சோற்றுத் தட்டை அன்னக்கொடி தினமும் கழுவி வைத்தாள். அழுதும் பார்த்தாள்.

"மேல ஒரு எஸ்டேட்டுல, கூலியாளுக குடியிருக்குற லயத்துல செவலை நாய் ஒண்ணு நிக்கிது. வாலு நுனி வெள்ளை" என்றார் சீனிச்சாமி.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவோடு ஜீப்பில் ஏறினாள். வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. ஓரிடத்தில் மேகம் அவர்களுக்குக் கீழே போனது. அதன் இடைவெளியில் போடி ஊரே கைப்பிடிச் சோளமாய்ச் சிதறித் தெரிந்தது. 'இவ்வளவு பெரிய மலையில் ஒரு நாயை எப்படித் தேடுவது!' அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லயத்து வாசலில் அந்த நாய் இவளைப் பார்த்ததும் ஓடி வந்து முகத்தை நக்கியது.

"நம்ம வெல்லந்தான். தூக்குடி" என்றார் அம்மா.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள். அன்னக்கொடியின் வயதுதான் இருக்கும். பெயர் ராமுத்தாய்.

"அது என் குட்டன். கண்ணு தெறக்காத குட்டியிலருந்து வளக்குறேன்."

"ரெண்டு பேரும் கூப்புடுங்க. யாருகிட்டப் போகுதுன்னு பாப்பம்" என்றார் சீனிச்சாமி.

இருவரும் கூப்பிட்டார்கள். நாய் இவளிடம் வந்தது. அவளிடம் போனது. கடைசியில் பொறை வைத்திருந்த சீனிச்சாமியிடம் போய் உட்கார்ந்தது.

"பதினெட்டு நாளா எங்க புள்ள அழுதுக்கிட்டு இருக்கா. வாலப் பாத்தாலே தெரியுதுல்ல?" என்று அம்மா நாயைத் தூக்கினார். ராமுத்தாய் நாயின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்மா" என்ற அன்னக்கொடி, சீனிச்சாமியிடம் மைப்பெட்டியை வாங்கினாள். நாயைக் கீழே இறக்கச் சொல்லி, அதன் மூக்கைத் துடைத்து, மை தடவி, நோட்டில் பதித்தாள்.

நிறையக் கட்டங்கள் இருந்தன. மாங்கொட்டை இல்லை.

அவள் மறுபடி பார்த்தாள். இல்லை. மாங்கொட்டை விஷயம் அவளைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. 'ஆமா, இதுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் நாய் ஜீப்பில் ஏறிவிடும். நாய் அவள் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது.

"இது வெல்லம் இல்லம்மா" என்றாள்.

பிறகு இரண்டு தாள்களையும் ராமுத்தாயிடம் காட்டி, மாங்கொட்டை எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று சொன்னாள். ராமுத்தாய் தாள்களைப் பார்த்தாள், நாயின் மூக்கைப் பார்த்தாள், மறுபடி தாள்களைப் பார்த்தாள்.

"இத்தன நாளா முத்தங் குடுக்குறேன். இம்புட்டும் இதுலயா இருந்துச்சு?"

ஜீப்பு கிளம்பும்போது ராமுத்தாய் ஓடி வந்தாள். "அந்த மாங்கொட்டையை எனக்கு வரஞ்சு குடு. மையும் கொஞ்சம் குடு. இங்க எல்லா லயத்துலயும் எனக்கு ஆளு இருக்கு."

திங்கட்கிழமை மாலை ஜீப்பில் மூன்று துண்டுச் சீட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மூக்கு. கீழே ராமுத்தாயின் எழுத்து: 'டீக்கடை நாய்.' 'செக்போஸ்ட் நாய்.' 'கடிக்கிற நாய், வெரசா எடுத்தது.' மூன்றிலும் மாங்கொட்டை இல்லை. செவ்வாய்க்கிழமை ஐந்து மூக்குகள் வந்தன. எட்டையும் வரிசையாகப் பரப்பி வைத்து, தான் பார்த்தே இராத அந்த நாய்களை அன்னக்கொடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை ஒரே ஒரு சீட்டுதான் வந்தது. அன்னக்கொடி அதை வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் மாங்கொட்டை.

"ஆளையும் கொண்டாந்திருக்கேன்" என்று சீனிச்சாமி ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

வெல்லம் குதித்தது. வழக்கம் போல முதலில் சீனிச்சாமியின் பைக்குள் மூக்கை விட்டது. பொறை இல்லை என்று தெரிந்த பிறகுதான் அன்னக்கொடியின் மேல் பாய்ந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

மறுநாள் காலை ஜீப்பில் ஒரு சீட்டு மலைக்குப் போனது. அதில் வெல்லத்தின் மூக்கு இருந்தது. பக்கத்தில் அன்னக்கொடியின் கட்டைவிரல் ரேகை இருந்தது. அதற்கடுத்த இடத்தை ராமுத்தாயின் விரலுக்காக அவள் காலியாக விட்டிருந்தாள்.