மாடத்தில் கேட்ட தண்ணீர்

பர்ரா செம்புச் சுரங்கத்துக்குக் கடல் தாண்டிப் பிழைக்க வந்த கார்ன்வால் சீமைக்காரர்கள் வீடு கட்டவில்லை. எலிகளைப்போல ஓடைக்கரையைக் குடைந்து வளைகளில் குடியேறினார்கள். புகைப்போக்கி மட்டும் மேலே பாதையோரம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் காதை வைத்தால் எந்த வளையில் என்ன சண்டை என்று தெரிந்துவிடும். வைக்காதவர் யார்?

கிரேஸ் பாஸ்கோ புருஷனோடும் மகள் எல்லனோடும் ஒரு காலி வளையில் சாமான்களை இறக்கினாள். அது ஏன் காலி என்று ஓடைக்கரையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுவே பெரிய அதிசயம். பக்கத்து வளைக்காரி தாமசின்தான் வந்து சொன்னாள்.

"முன்ன நாங்கதான் இங்க இருந்தோம். சுவத்துல கொடஞ்ச அந்த மாடத்துலதான் எம் புள்ள டிகரி படுத்திருந்தான். காய்ச்சல்ல போய்ட்டான். அத மட்டும் மூடிராதடி."

கிரேஸ் அதில் கம்பளி மடித்து வைத்தாள்.

கொஞ்ச நாளில் எல்லனுக்கும் அதே காய்ச்சல். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். "சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாது. காய்ச்சல் உள்ள எறங்கிடும்." அந்தக் காலத்து வைத்தியம் அது.

"அவர் சொன்னாக் கேளுடி," என்றாள் தாமசின். "டிகரி எங்காலப் புடிச்சுக் கெஞ்சுனான். நான் மசியவே இல்ல."

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பெருமைதான்.

பட்டப்பகலிலும் வளைக்குள் இருட்டு. ஆண்கள் சுரங்கத்தில். ஈரமண் வாடையும் காய்ச்சல் வியர்வையும் மூச்சை அடைத்தன. கட்டிலில் எல்லன் அசைவற்றுக் கிடந்தாள்.

"தண்ணி..."

எல்லனின் உதடு அசையவில்லை.

"ஒரு வாய்."

மாடத்தில் மடித்திருந்த கம்பளி குழிந்து எழுந்தது, யாரோ புரண்டு படுப்பதுபோல.

கிரேஸ் கத்தியிருப்பாள். ஆனால் அந்தக் குரலில் பயமுறுத்தும் எண்ணமே இல்லை. வறண்ட நாக்கு மேல்வாயில் ஒட்டிப் பிரியும் சத்தம்தான் இருந்தது. கெட்டிலில் ஆறியிருந்த தண்ணீரைக் குவளையில் ஊற்றி மாடத்துக்குள் நீட்டினாள்.

குவளை மெல்ல மெல்லக் கனம் குறைந்தது.

காலி.

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டராவது மண்ணாவது! மறுபடி நிரப்பி, எல்லனின் தலையைத் தூக்கிப் புகட்டினாள். கேட்டபோதெல்லாம் புகட்டினாள்.

எல்லன் பிழைத்தாள்.

பார்க்க வந்த தாமசின் வாசலிலேயே நின்றுவிட்டாள். "எப்படிடி?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கிரேஸுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"தண்ணி குடுத்தேன்க்கா. டிகரிதான் கேட்டான். அவனுக்கும் குடுத்தேன்."

தாமசின் அழவில்லை. அந்தப் பெருமை அவள் முகத்தைவிட்டு இறங்கிப்போவது மட்டும் தெரிந்தது. குவளையை நிரப்பிக்கொண்டு மாடத்தின் முன் மண்டியிட்டாள்.

"டிகரி, அம்மா வந்திருக்கேன்டா. குடிடா தங்கம். எவ்வளவு வேணுமோ குடி."

கம்பளி அசையவில்லை.

"அம்மாகிட்ட வாங்க மாட்டியாடா?"

குவளையில் ஒரு சொட்டும் குறையவில்லை.

அவளை எழுப்பக் கிரேஸ் குனிந்தாள். காதோரம், சில்லென்று, ஒரு சின்ன மூச்சு.

"யாரு அத்தை அது? எங்கம்மா தண்ணி தர மாட்டாங்களே."

தாமசின் திரும்பினாள். "என்னடி, ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

கிரேஸின் காது மடலிலிருந்து ஒரு துளி நீர் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.