மூன்றாவது தேடுகருவி

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு ஜனவரி பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நோர்வேயின் வடகோடியில், நவம்பர் இறுதியில் மலைகளுக்குப் பின்னால் இறங்கிய சூரியன் இன்னும் திரும்பியிருக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஊருக்கு மேலே நிற்கும் ஸ்டில்திண்டன் சிகரத்தின் உச்சியில் மட்டும் அது சில நிமிடங்கள் தலைகாட்டும். அதைப் பார்க்க ஏறுவதென்று டோருனும் அவள் கணவன் எய்விண்டும் அவர்களுடைய ஒரே மகள் ரூனாவும் தீர்மானித்து, சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்திருந்தார்கள். பனியின் உறுதியைச் சோதிக்கக் காலையில் தனியாகச் சரிவுக்குப் போன ரூனா, ஒன்றரை மணிக்கு வீடு திரும்பியிருந்தாள்.

அவள் தலைமயிரில் ஒட்டியிருந்த பனி இன்னும் உருகவில்லை.

டோருன் அதை இரண்டு முறை பார்த்தாள். பிர்ச் விறகு வெடித்து எரியும் அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். அடுப்பின் வெம்மையில் எய்விண்டின் நெற்றி மினுமினுத்தது, சன்னல் கண்ணாடியில் நீர் கோத்து வழிந்தது, சூரியன் திரும்புவதைக் கொண்டாடப் புதிதாகச் சுட்ட சூரிய பன்களின் ஏலக்காய் மணம் அறை முழுதும் நிறைந்திருந்தது. ஆனால் ரூனாவின் காதோரத்து மயிரில் அந்த வெண்மணிகள் உப்புக்கல்போல் அப்படியே இருந்தன. அவளுடைய தட்டில் பன் கடிபடாமல் கிடந்தது. அவள் பக்கத்திலிருந்து, ஏலக்காயையும் மீறி, பாறைக்கடியில் தேங்கிய நீரின் வாடை மெல்ல வந்துகொண்டிருந்தது.

"பனி எப்படிடி இருக்கு?" என்றாள் டோருன்.

"நல்லா கெட்டியா இருக்குமா. கவலையே வேணாம். மூணு பேரும் வரணும், அவ்வளவுதான்."

"எனக்கு முட்டி வலின்னு சொன்னேனே," என்றான் எய்விண்ட். "நான் கீழயே இருந்து சூரியனுக்குக் கையாட்டிக்கிறேன்."

"இல்லப்பா. மூணு பேரும்."

"மிரட்டுறத பாரு! அப்படியே உங்கம்மா."

ரூனா சிரித்தாள். சற்றுத் தாமதமாக, தந்தையின் சிரிப்பைப் பார்த்துப் படியெடுத்ததுபோல்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு தேடுகருவிகளைச் சோதிப்பது டோருனின் வழக்கம். பனிச்சரிவில் யாரேனும் புதைந்துபோனால், அவர்கள் மார்பில் கட்டியிருக்கும் கருவி இடைவிடாமல் குறியொலி அனுப்பும். மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினால், திரையில் ஓர் அம்பும், எத்தனை மீட்டர் என்ற எண்ணும் தோன்றும். மேசையில் இரண்டு கருவிகளே இருந்தன.

"மூணாவது எங்க?"

"கொட்டகையில வெச்சிட்டேன். அணைச்சுட்டேன்மா."

"ஆரம்பிச்சாச்சு," என்றான் எய்விண்ட். "உங்கம்மாவ ராணுவத்துல சேத்திருந்தா ரஷ்யாக்காரன் எல்லையத் தாண்டியே வரமாட்டான்."

டோருன் அவனுடைய கருவியை அணைத்து, தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றினாள். திரை வெறுமையாக இருந்திருக்க வேண்டும்.

நாற்பத்தொன்று என்றது திரை. அம்பு ரூனாவின் தோளைக் கடந்து பின்புறச் சன்னலைக் காட்டியது.

"அணைக்கல நீ. பேட்டரி தீந்துபோச்சுன்னா ஞாயித்துக்கிழமை என்ன செய்வ?"

"விடும்மா. அப்புறம் நான் பாத்துக்கிறேன்." ரூனா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "உக்காரு. எந்த வழியா ஏறலாம்னு சொல்லு."

அந்தக் கையின் குளிர் தோலோடு நிற்கவில்லை. டோருன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, தலைவிளக்கை மாட்டிக் கதவைத் திறந்தாள்.

வெளியே காற்றே இல்லை. ஃபியோர்டு எனும் கடற்கழியின் நீர் கரையில் உரசும் ஒலி, அவளுடைய காலணியின் கீழ் பனி நெரியும் ஒலி, கையிலிருந்த கருவியின் ஒலி. இவை தவிர மலையடிவாரம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. கொட்டகையை நெருங்கும்போது அவளுக்கு நண்பகலின் நினைவு வந்தது. சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பின்பக்கம் ஏதோ தொம்மென்று விழுந்தது. கொட்டகைக் கூரைப் பனி சரிந்திருக்கும் என்றான் எய்விண்ட்.

அவள் விளக்கை உயர்த்திப் பார்த்தாள். கூரையில் பனி முழங்கால் உயரத்துக்குச் சிறிதும் குலையாமல் இருந்தது.

கொட்டகைக்குள் மெழுகின் மணமும் பழைய மரத்தின் மணமும் இருந்தன. எய்விண்டின் சறுக்குப் பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் அவளுடையவை. ரூனாவின் இடம் காலியாக இருந்தது. அவளுடைய முதுகுப்பை இல்லை. ஈரக் காலணித் தடம் இல்லை. கருவி இல்லை.

இருபத்திரண்டு. அம்பு பின்சுவரைக் காட்டியது.

பின்சுவருக்கு அப்பால் மேட்டுச்சரிவு மட்டுமே இருந்தது. மலையிலிருந்து சறுக்கி வருபவர்கள் வீடு சேர்வதற்கு முந்தைய கடைசிச் சரிவு.

டோருன் பனிக்குள் குத்திப் பார்க்கும் துழாவுகோலையும் பனிவாரியையும் எடுத்துக்கொண்டாள். எய்விண்டைக் கூப்பிட வேண்டும் என்று அறிவு சொன்னது. ஆனால் அவனைக் கூப்பிட்டால், மேசையில் இருப்பவளும் கூடவே வருவாள்.

பதினைந்து. விளக்கொளியில் சரிவின் மேற்புறம் பாளமாகப் பெயர்ந்திருந்தது தெரிந்தது. ஒன்பது. கட்டிகட்டியாக இறுகிய பனி. நான்கு. மண்டியிட்டு, கருவியைப் பனியோடு ஒட்டி நகர்த்தினாள். ஒன்று.

கோலைக் குத்தினாள். கல்லின் கடினமில்லை. மண்ணின் அடைப்பில்லை. மெத்தென்ற ஒரு தடை.

தோண்டினாள். நீல நிறத் துணி. சிவப்பு நாடா கட்டிய பின்னல். காலையில் அவளே பின்னிவிட்டது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு விரல்களால் துடைத்தாள்.

ரூனாவின் முகம்.

உதடுகளின்மேல் கண்ணாடிபோல் பனிக்கட்டி படிந்திருந்தது. மூச்சு உருக்கி, மூச்சே உறையவைத்த மூடி. அது உருவாக நெடுநேரம் ஆகியிருக்கும். கழுத்தில் துடிப்பில்லை. கன்னத்தில் விழுந்த டோருனின் கண்ணீர் அங்கேயே உறைந்தது. மார்பில் கருவி துடித்துக்கொண்டிருந்தது, பொறுமையாக, யாராவது வருவார்கள் என்று.

அவள் தலையைத் திருப்பினாள். சமையலறைச் சன்னல் மஞ்சளாக ஒளிர்ந்தது. உள்ளே எய்விண்ட் வரைபடத்தின்மேல் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தான். எதிரே இருந்தவள் சிரிக்கவில்லை. இருட்டை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டோருன் மண்டியிட்டிருந்த இடத்தையே.

சன்னல் திறந்தது.

"அம்மா! காப்பி ஆறுது. வாயேன்!"

அதே குரல். ஒவ்வொரு குளிர்காலமும், பத்தொன்பது ஆண்டுகளாக, அவளை வீட்டுக்குள் அழைத்த குரல். கீழே கிடந்தவள் இனி அழைக்க மாட்டாள். அங்கிருந்தவள் அழைத்தாள்.

டோருன் நெடுநேரம் அசையவில்லை.

பிறகு ரூனாவின் மேலங்கியைத் திறந்தாள். கருவியை அணைத்தாள். தன் திரையிலிருந்த எண் மறைந்தது. பின்னலை ஒழுங்குபடுத்தி மார்பின்மேல் வைத்தாள். பனிவாரியை எடுத்தாள். முதலில் முகத்தை மூடினாள், அதைப் பார்த்துக்கொண்டே மற்றதை மூட இயலாது என்பதால். பிறகு மற்றதை. மேற்புறத்தைத் தட்டிச் சமன் செய்தாள். எதையும் அரைகுறையாக விடுவது அவளுடைய வழக்கமில்லை.

உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

"கெடச்சுதா?" என்றான் எய்விண்ட்.

"கெடச்சுது. கொட்டகையிலதான் இருந்துது. அணைச்சுட்டேன்."

"சொன்னேன்ல?" என்றாள் ரூனா. பன்னைத் தாயின் தட்டில் வைத்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். டோருன் உட்கார்ந்தாள். மேசைக்கடியில் அந்தக் கை வந்து அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. சற்றுமுன் அந்தக் கை பற்றியிருந்த மணிக்கட்டைச் சுற்றி மெல்லிய வெண்பனி வளையமிட்டிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வளையம் உருகவில்லை.

அன்று மாலை இறுதியாகத் தீர்மானிக்கப்பட்டவை பின்வருமாறு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூவரும் புறப்படுவார்கள். ரூனா முன்னால் செல்வாள். எய்விண்ட் முட்டிவலியைப் பொறுத்துக்கொண்டு நடுவில் வருவான். டோருன் கடைசியாக வருவாள். பின்புறச் சரிவைத் தவிர்த்து, தேவாலயத்தின் பக்கமாக ஏறுவார்கள். தேடுகருவிகளை வீட்டிலேயே விட்டுச் செல்வார்கள். இந்தக் கடைசி யோசனை ரூனாவுடையது. டோருன் அதற்கும் சம்மதித்தாள்.