பீரங்கிக்காரனின் பெயர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கடல் வாடை எங்கிருந்து வந்தது?

தேவராஜ் கிரைண்டரை நிறுத்தினான். பட்டறை முழுக்கச் சூடான வெண்கலப் பொடி பறந்தது. அவன் உள்ளங்கையில் ஒட்டிய பொடி மட்டும் சில்லென்று, உப்பும் அழுகிய பாசியுமாக நாறியது. எதிரே, பழவேற்காட்டு வலையில் சிக்கிக் கரையேறிய பீரங்கி. அதன் முதுகிலிருந்த பெயரை வழவழவென்று தேய்த்துவிட்டு, 'உபயம்: தேவராஜ்' என்று வெட்டியிருந்தான். சேக்காட்டு அம்மன் கோயில் வாசலில் நிறுத்தினால் ஊரே படிக்கும்.

காயலான் கடை சுலைமான் விற்கும்போதே சொன்னார்.

"பேரைத் தொடாத நைனா. யுகோஸ்லாவியாவுல இப்ப அடிச்சிக்கிறானுங்களே, குரோஷியாக்காரனுங்க, அந்த ஊரு ஆளு பேரு அது. மார்க்கோ. நானூறு வருசம் முன்ன பொழைக்க வந்து, போர்ச்சுகீசுக் கப்பல்ல பீரங்கி சுட்டான். சண்டைய ஜெயிச்சது அவன், பேரு வாங்கினது கேப்டன். ஏன்னு கேட்டதுக்குக் கடல்ல தள்ளிட்டான். அப்பால அந்தக் கேப்டனையே அவன் ஆளுங்களுக்கு அடையாளம் தெரியலையாம். கரையில எறக்கி உட்டுட்டுப் போய்ட்டானுங்க."

"செத்தவனுக்கு இன்னாத்துக்கு பாய் பேரு?" என்று சிரித்தவன் தேவராஜ்.

கரண்ட் போனது. இருட்டில், பீரங்கியின் தொண்டைக்குள் யாரோ தண்ணீர் விழுங்குவது போலச் சத்தம்.

வெளியே ஓடினான். பத்து வருடமாய் அவனிடம் வேலை பார்க்கும் அய்யாசாமி, கேட்டருகே பீடியை மறைத்தபடி மரியாதையாகக் கேட்டான்: "எந்தக் கம்பெனிலேர்ந்து வர்றீங்க சார்?"

"டேய், நான்தாண்டா..."

பெயர் வரவில்லை. நாக்கு புரண்டது. வழவழவென்ற வெறுமை.

திரும்ப ஓடித் தீக்குச்சி கிழித்தான். பீரங்கியில் 'உபயம்' இருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

சைக்கிள். இருட்டு. பின்னாலேயே ஈரக் காலடி.

வீட்டு வாசலில் சுசீலா. "இன்னாங்க, இப்பிடி வேர்த்துக் கீது?"

அவளுக்குத் தெரிகிறது! அழுகையே வந்துவிட்டது.

"சுசீ, என் பேரைச் சொல்லு."

"ஐயே! புருசன் பேரை யாராச்சும் சொல்லுவாங்களா? ஆயுசு கொறஞ்சிடும்."

"ஒரு தபா. உன் கால்ல உழறேன். சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதில்லை. வெட்கத்தோடு முந்தானையைக் கடித்தாள். அவன் காதருகே குனிந்தாள்.

"மார்க்கோ."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "உம்."

சுசீலாவின் முகம் மலர்ந்தது. அவனை விட்டு விலகி உள்ளே போனாள். மூலையில், அவனுடைய லுங்கியில், முதுகு காட்டி ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஊறி வெளுத்த முதுகு. முடியிலிருந்து நீர் சொட்டியது. சுசீலா முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். ஆசையாக. பிறகு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள்.

தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான்.

"யாரு?" என்றாள் உள்ளிருந்து.

வாயைத் திறந்தான்.

கதவின் அடியிலிருந்து கடல் தண்ணீர் மெதுவாக வழிந்து, அவன் பாதங்களைச் சுற்றித் தேங்கியது.

"யாருன்னு கேக்கறேன் இல்ல?"