ஃபெயர் என்றால் என்ன, டீச்சர்?

மழை… ஸ்டுட்கார்ட் நகரத்தையே கரைத்துவிட்டுத்தான் ஓய்வேன் என்று கொட்டிக்கொண்டிருந்தது.

தேவமலர் ஓடிவந்து ட்ராமில் ஏறினாள். ஒரு கையில் குடை, மறு கையில் சுருட்டிய பெரிய தாள். கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. ட்ராம் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டதும் குடையின் முனை நேராகப் போய் எதிரே நின்றவனின் விலாவில் குத்தியது.

"அம்மா!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தமிழ்!

"ஐயோ… மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் தமிழோ?"

"குடையால குத்தினா எல்லாரும் அவங்கவங்க தாய்மொழியிலதாங்க கத்துவாங்க. தமிழ்தான். கும்பகோணம். பேரு கோபாலன்."

மூக்குக்கண்ணாடியில் மழைத்துளிகள்… அதற்குப் பின்னால் சிரிக்கும் இரண்டு கண்கள். இந்தக் கண்களுக்குக் கோபப்படவே தெரியாதோ என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் தாள் கைநழுவி விரிந்துவிட்டது. நடுவில் சிவப்பு மையில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்: ஃபெயர். சுற்றிலும் கிளை கிளையாக அர்த்தங்கள்.

அவன் குனிந்து எடுத்தான். கொடுக்காமல் வாசிக்கத் தொடங்கினான்.

"நியாயமான… வெளிறிய நிறமுள்ள… சுமாரான… மழையில்லாத… ஓ, நீங்க டீச்சரா? ஒண்ணு விட்டுட்டீங்களே."

"எதை விட்டனான்?"

"அழகான. பழைய இங்கிலீஷ்ல அதுவும் ஃபெயர்தான்."

"தெரியும். வேணுமெண்டுதான் விட்டனான்."

"ஏங்க?"

"என்ர வகுப்பு முழுக்கக் கலியாணமாகாத பெடியங்கள். அதையும் படிப்பிச்சால் வாற கிழமையே வீட்டுப்பாடம் வேற மாதிரி எழுதிக்கொண்டு வருவினம்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். முன் இருக்கையிலிருந்த ஜெர்மன்காரர் திரும்பி முறைத்தார். தேவமலருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டாள்… ஓர் ஆசிரியை குடையால் குத்தியவனோடு சேர்ந்து சிரிப்பதா?

யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவள் அவள். போன வருடம், எண்பத்தைந்தில், அண்ணன் அன்ரனோடு அகதியாக இங்கே வந்தாள். விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அதுவரை வேலை செய்ய அனுமதியும் இல்லை. சும்மா இருக்க அவளுக்கு ஏலாது. அதனால் சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் நம்மவர்களுக்கு இலவசமாக ஆங்கிலம் படிப்பித்தாள். கனடாவுக்கும் லண்டனுக்கும் போகக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

"இங்கிலீஷ் சரி… ஜெர்மன் யாருங்க சொல்லித் தர்றது?" என்று கேட்டான் கோபாலன். அவன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி மாணவன்.

"ஒருத்தரும் இல்லை. எனக்கே ஒழுங்காய்த் தெரியாது."

"அப்ப அடுத்த சனிக்கிழமை நான் வர்றேன். ஒரே ஒரு கண்டிஷன்… குடையை வெளியில வெச்சுடணும்."

வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தான். இலையுதிர்காலம் முழுவதும் வந்தான்.

ஃபெயர் பாடம் நடந்த அன்று மண்டபமே கலகலத்தது. ஊரில் லொறி ஓட்டிய கனகலிங்கம் எழுந்து நின்று, "டீச்சர், நல்லாய்ப் பாடாதவனும் ஃபெயர், நியாயமாய் நடக்கிறவனும் ஃபெயர், வெள்ளைக்காரியின்ர தலைமயிரும் ஃபெயர், வெயிலும் ஃபெயர். ஒரு சொல்லை வைச்சுக்கொண்டு இவங்கள் எப்பிடி நாட்டை ஆண்டவங்கள்?" என்று கேட்டார்.

"ஆளைப் பாத்து, இடத்தைப் பாத்து விளங்கிக்கொள்ளோணும் அண்ணை. அவசரப்பட்டால் பிழைச்சுப்போகும்" என்றாள் தேவமலர்.

பின்வரிசையில் இருந்த கோபாலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையிலிருந்த சுண்ணக்கட்டி ஏனோ உடைந்தது…

வகுப்பு முடிந்தால் இருவரும் சேர்ந்து கோப்பைகளைக் கழுவுவார்கள். "ஆமாங்கிறதுக்கு 'ஓம்'னு நீங்க சொல்றப்போ யாரோ மந்திரம் ஆரம்பிக்கிற மாதிரி இருக்கு" என்பான் அவன். "நீங்கள் தமிழ் பேசுறியளோ இங்கிலீஷ் பேசுறியளோ எண்டு எனக்கு இன்னும் பிடிபடேல்லை" என்பாள் அவள். வருகிற மாதம் மியூனிக் பக்கத்துக் கார்ஹிங்குக்குப் போகப்போவதாகவும், அங்கே ஆராய்ச்சி வேலை கிடைத்திருப்பதாகவும் ஒருநாள் அவன் சொன்னபோது, அவள் கையிலிருந்த கோப்பையை இரண்டாம் முறையாகக் கழுவினாள்.

"நல்லது" என்றாள். வேறு என்ன சொல்வது? அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அனுமதியில்லாமல் நகர எல்லையைத் தாண்டக்கூடாது. கார்ஹிங் அவளுக்கு லண்டன் அளவு தூரம்.

அந்த மாதத்தில்தான் அது நடந்தது. மண்டபத்து வாசலில் பாதிரியார் கோபாலனிடம் ஜெர்மனில் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். உள்ளே சமையலறையில் நின்ற தேவமலருக்குத் தன் பெயர் காதில் விழுந்தது. பிறகு கோபாலனின் குரல்… வேகமான ஜெர்மன். அதில் அவளுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். ஃபெயர்.

அவள் முகம் சிவந்தது.

அவள் படிப்பித்த பாடசாலையில் மாணவிகளின் தேர்ச்சி அறிக்கையில் 'நன்று' என்பதற்குக் கீழே போடும் சொல் அது. சுமார். பரவாயில்லை. தாய்மார் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவள் வகுப்பா சுமார்? இத்தனை சனிக்கிழமைகள் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு… சுமாரா?

ஊருக்கெல்லாம் அவசரப்படாதே என்று சொல்லிக்கொடுத்தவள், தன் முறை வந்தபோது ஆகக் கீழான அர்த்தத்தையே எடுத்துக்கொண்டாள்.

"வாற சனியிலிருந்து நீங்கள் வரத் தேவையில்லை" என்றாள் அவனிடம். "ஜெர்மனையும் நானே சமாளிப்பன்."

"என்னங்க ஆச்சு?"

"ஒண்டுமில்லை. போயிட்டு வாங்கோ."

சிரிக்கும் அந்தக் கண்கள் முதல்முறையாகச் சிரிக்கவில்லை. அவன் கழுவ எடுத்திருந்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிறகு போய்விட்டான்.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, அன்ரன் அவளைக் கமலநாயகி அக்கா வீட்டுக்கு அழைத்துப்போனான். அயலில் அவர்கள் வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. தேவமலருக்கு அன்ரன் பார்த்திருந்த மாப்பிள்ளையின் தமக்கை, இரவு வேலை முடித்த கையோடு டொரொண்டோவிலிருந்து பேசினாள். அன்ரன் பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஓம் அக்கா… படிச்ச பிள்ளை… என்ன? ஃபெயரோ?" அவன் ஒரு கணம் தங்கையைப் பார்த்தான். "ஓம்… ஓம். நல்ல ஃபெயர்."

தேவமலர் எழுந்தாள். அண்ணனின் கையிலிருந்த ரிசீவரை மெதுவாக வாங்கினாள்.

"வணக்கம் அக்கா. நான் தேவமலர் கதைக்கிறன். நான் கறுப்பு. நல்ல வடிவான கறுப்பு. அண்ணை என்னில இருக்கிற பாசத்திலை பொய் சொல்லிப்போட்டார். உங்கட தம்பிக்கு வெள்ளைப் பொம்பிளை கிடைக்கட்டும்."

ரிசீவரை வைத்தாள். கமலநாயகி அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரிப்பை அடக்க…

அன்ரன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "உன்ர நன்மைக்குத்தானே மலர் சொன்னனான். நாளைக்கு இங்கை எங்களைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வாய்? கனடா எண்டால் நீ தப்பியிருப்பாய்."

"தெரியும் அண்ணை. ஆனால் வெளுத்துப்போய்த் தப்பிறதுக்கு எனக்கு ஏலாது."

"வேற ஆரும்…" அவன் நிமிர்ந்து பார்த்தான். "அந்த இந்தியப் பெடியனோ? நாடும் வேற, சமயமும் வேற பிள்ளை!"

அவள் தொலைபேசியைத் திரும்பிப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் நெஞ்சை நிமிர்த்தி நேராகப் பேச முடிந்தது. அவனிடம் மட்டும் ஏன் ஒரு கேள்வி கேட்கவில்லை? கேட்காமலே கதவைச் சாத்தினேனே… அது ஃபெயரா?

"என்னடி, அவன் உன்னை விரும்புறானோ?"

"தெரியாது அண்ணை. கேட்டிட்டு வந்து சொல்லுறன்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது பின்னாலிருந்து அன்ரனின் குரல் மட்டும் வந்தது. "பாத்துப் போ. றோட்டெல்லாம் வழுக்கும்."

அன்று மத்தியான ரயிலில் கோபாலன் மியூனிக் போகிறான் என்று போன வகுப்பில் கனகலிங்கம் சொல்லியிருந்தார். பிரதான நிலையத்தின் அகலமான படிகளில் அவள் ஏறி ஓடினாள். மேடை நிறையச் சனம்… பனிப்புகை… அதோ, பெரிய பெட்டியோடு தனியாக அவன்!

"கோபாலன்!"

பெயர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவன் திரும்பினான்.

"ஒண்டு கேக்கோணும்" என்றாள் மூச்சிரைக்க. "அண்டைக்குப் பாதிரியாரிட்டை என்னைப் பற்றி ஃபெயர் எண்டு சொன்னியள். எந்த ஃபெயர்?"

அவன் விழித்தான். பிறகு மெல்ல விளங்கியது. "அதுக்கா… அதுக்காகவா என்னை வரவேண்டாம்னீங்க? டீச்சர், நான் பேசினது ஜெர்மன். ஜெர்மன்ல ஃபெயருக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. நியாயம்! கத்தோலிக்கப் பசங்களை மட்டும் நீங்க நல்லா கவனிக்கிறீங்கன்னு யாரோ புகார் சொல்லிட்டாங்க. உங்களை மாதிரி ஃபெயரான டீச்சரை நான் பார்த்ததே இல்லைன்னு சொன்னேன்."

தேவமலருக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் போகவில்லை. நிமிர்ந்து நின்றாள்.

"அப்ப நான்தான் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இன்னொண்டும் இருக்கு… நீங்கள் போனபிறகு கார்ஹிங்குக்கு வந்து சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அதாலை இப்பவே சொல்லுறன். எனக்கு உங்களை விருப்பம். அண்ணைக்குத் தெரிஞ்சிட்டுது. உங்கட மனசு மட்டும்தான் தெரியாது."

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. சனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவன் அசையவேயில்லை.

"உங்க அண்ணன் இப்ப வீட்டுல இருப்பாரா?"

"இருப்பார். கோவமாய் இருப்பார்."

"பரவாயில்லை. அடுத்த ரயில்ல போய்க்கிறேன். வாங்க, அவரைப் பார்த்துடலாம்."

அவன் பெட்டியைத் தூக்கப் போனான். புத்தகங்கள்… கல்லாகக் கனத்தது. அவள் மறுபக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கினார்கள். பாதிப் படியில் அவள் நின்றுவிட்டாள்.

"நில்லுங்கோ! நீங்கள் இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

"ட்ராம்ல குத்து வாங்கின அன்னிக்கே எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சுங்க" என்றான் அவன், பெட்டியைப் பார்த்தபடி, மிக மெதுவாக.

"கேக்கேல்லை. ரயில் சத்தம்."

"பிடிச்சிருக்கு!"

"இன்னும் கேக்கேல்லை."

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க!" கும்பகோணத்துக்கே கேட்கும்படி அவன் கத்தினான். மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் மூதாட்டி நின்று, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு சொல்லும் விளங்காமலே எல்லாம் விளங்கியவளாகப் புன்னகைத்தாள்.

"ஓம்" என்றாள் தேவமலர். "இப்ப கேட்டுது…"