மூச்சுப்படம்

தமயந்தி தெருமுனையில் நின்று விசில் அடித்ததும் ராயபுரத்தின் அந்தச் சந்தில் ஜன்னல் திரைகள் மளமளவென்று விலகின. ஸ்வெட்டருக்குள் அணைத்து வைத்திருந்த கேமராவை வெளியே எடுத்தாள். குளிர் பட்டால் அதன் மின்கலம் செத்துவிடும். எல்லாம் சட்டென்று நடக்க வேண்டும்.

"ஊதுங்க!" என்று கையை உயர்த்தினாள். வீட்டுக்கு வீடு ஆட்கள் கண்ணாடியில் வாயை வைத்து ஊதினார்கள். ஆளுக்கு ஒரு வட்டமாக ஆவி படிந்தது.

பூமியின் சூட்டைத் தணிக்கிறோம் என்று வானத்தில் நிழல்வலையை விரித்த மேதாவிகளுக்கு, அதைத் திரும்பச் சுருட்டத் தெரியவில்லை. கடல் உறைந்தது. துறைமுகத்துக் கப்பல்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. மிஞ்சிய வெப்பத்தை வெப்ப வாரியம் குழாய் வழியே பங்கு போடுகிறது. சந்துக்குத் தினமும் ஒரே மூச்சுப்படம். அதில் எத்தனை வட்டமோ அத்தனை பேருக்குச் சூடு. வட்டம் தெரியாவிட்டால் ஆள் இல்லை என்று படத்தைப் படிக்கும் கணிப்பான் எந்திரம் முடிவு கட்டிவிடும். பதிவுக்கு மேல் ஒரு வட்டமோ ஒரு முகமோ கூடுதலாகத் தெரிந்தால், அந்த வீட்டின் குழாயையே அடைத்துவிடும். ஈவு இரக்கம் பார்க்க அது மனிதனா என்ன?

தமயந்திக்குத் தன் வேலையில் ஒரு கர்வம் உண்டு. பனியைப் பார்த்தால் கேமரா ஏமாந்துபோய் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். மற்றவர்கள் எடுக்கும் படங்கள் துவைக்காத வேட்டி மாதிரி இருக்கும். இவள் வெளிச்சத்தை இரண்டு படி ஏற்றிவைத்துப் பனியைப் பனியாகவே காட்டுவாள்.

அன்று கடைசி வீட்டு ஜன்னலில் வட்டம் விழவில்லை. அது அவள் அக்கா பூரணியின் வீடு. கண்ணாடியின் உட்பக்கமே உறைந்து கிடந்தது. தமயந்தி விழுந்தடித்துக்கொண்டு படியேறினாள். பூரணி இருக்கிற போர்வைகளையெல்லாம் சுற்றிக்கொண்டு மூலையில் சுருண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலமே குழாய் ஆறிப்போச்சுடி. நான் ஊதினேனே, நீ பாக்கலியா?"

"பாத்தேன்க்கா. என் கண்ணால பாத்தேன்."

நேற்றைய படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். பனி அப்பழுக்கில்லாத வெள்ளை. ஜன்னல்களில் பிரதிபலித்த பனியும் அதே வெள்ளை. சளி கட்டிய நெஞ்சிலிருந்து வந்த அக்காவின் சன்னமான வட்டம் அதற்குள் கரைந்துபோயிருந்தது.

வாரியத்துக்குப் போன் போட்டாள். "என் தப்பு சார். வெளிச்சம் ஜாஸ்தியாயிடுச்சு. அக்கா உயிரோட என் எதிர்ல உக்காந்திருக்காங்க."

"நான் நம்பறேம்மா," என்றார் மேற்பார்வையாளர் கருணாகரன். "கணிப்பான் நம்பணுமே. வட்டத்தோட ஒரு படம் அனுப்பு, தானா திறந்துடும்."

"கண்ணாடியே உறைஞ்சு கெடக்கு சார். சூடு வந்தாத்தானே வட்டம் விழும்?"

"ஒரு தடவ சூடு நின்னா திரும்ப வராதுன்னு யார்கிட்டயும் சொல்லாத," என்று கருணாகரன் போனை வைத்துவிட்டார்.

அக்காவைக் கைத்தாங்கலாக அடுத்த சந்திலிருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள் தமயந்தி.

"உனக்கு ஒரு வட்டம்தானேடி? நான் வேற இருந்தா?"

"நீ ஊதாத. இங்க வேற ஆள் படம் எடுக்கறப்ப ஜன்னல் பக்கம் வராம வாயப் பொத்திக்க." செத்தவளாக இருந்தால்தான் அக்கா பிழைக்க முடியும்.

மறுநாள் அதே சந்து. இனி ஒரு மூச்சும் தவறக் கூடாது என்று வெளிச்சத்தை நன்றாக இறக்கினாள். மாடி வீட்டு ஜெசிந்தா கைக்குழந்தையோடு ஜன்னலுக்கு வந்தாள். பதிவுக்கு மேல் ஒரு வட்டம் பிறந்த குழந்தைக்கு மட்டும் அனுமதி; இது அதன் முதல் மூச்சுப்படம். இதில் வட்டம் விழுந்தால்தான் அது பதிவில் ஏறும், அதற்கென்று சூடு வரும். அழுகிற வாயை ஜெசிந்தா கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள்.

படம் எடுத்ததும் தமயந்தி திரையைப் பார்த்தாள். பனி சாம்பலாக இருந்தது. ஆனால் குழந்தையின் குட்டி வட்டம் பிசிறில்லாமல் விழுந்திருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அப்புறம்தான் அந்த வட்டத்துக்குப் பின்னால் பார்த்தாள். உள்ளே சுவரோரம் ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்து ஜன்னலில் அதேபோல் இரண்டு பெண்கள். அதற்கடுத்த வீட்டிலும் ஒருவர். பனிக்கூச்சத்துக்காகக் கறுப்புக் கண்ணாடி போட்ட அவள் கண்ணுக்கு இவர்கள் ஒருநாளும் தெரிந்ததில்லை. வெளுத்த படங்களிலும் தெரிந்ததில்லை. தெரு முழுக்க அவள் அக்காவைப் போன்றவர்கள். இவர்களில் எத்தனை பேரைத் தன் படங்கள் கணக்கில் சாகடித்தனவோ என்று நினைத்தாள். அதே படங்கள்தான் இவர்களை ஒளித்தும் வைத்திருக்கின்றன.

இந்தப் படம் போனால் சந்து முழுக்கக் குழாய் அடைபடும்.

தமயந்தி கேமராவோடு அசையாமல் நிற்பதைப் பார்த்த ஜெசிந்தா ஜன்னலின் மேல் துவாரத்தைத் திறந்து கத்தினாள். "என்னாக்கா, எப்பவும் போல எடுத்துட்டுப் போங்க!"

"வெள்ளையா எடுத்தாத்தான் உள்ள நிக்கறவங்க தெரியமாட்டாங்க. ஆனா கொழந்தயோட மூச்சு விழாதுடி!"

ஜெசிந்தா திரும்பிச் சுவரோரம் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள்.

"அப்பா நிக்கிறாருக்கா," என்றாள். "நான் நெஞ்சோட வெச்சுப் பாத்துக்கறேன். வெள்ளையாவே எடுங்க."

தமயந்தி முதல் படத்தை அழித்தாள். வெளிச்சத்தை இரண்டு படி ஏற்றி மறுபடி எடுத்து அனுப்பினாள். பனி பளிச்சென்று வந்திருந்தது. வாரியத்தின் கணக்கில், அந்தச் சந்தில் குழந்தை எதுவும் பிறக்கவில்லை.