அறுபத்தைந்தாவது விடை

அறுபத்து நான்கு வேலைகளை அனுப்பினாள் செல்வப்பிரியா. அறுபத்தைந்து விடைகள் வந்தன.

திரையை மேலே தள்ளி மறுபடி எண்ணினாள். ஒவ்வொரு வேலையும் செய்ய வேண்டியது ஒன்றுதான். தன் எண்ணைச் சொல்லிவிட்டு முடிந்துவிட வேண்டும். ஒன்றிலிருந்து அறுபத்து நான்கு வரை எல்லா எண்களும் இருந்தன. வரிசை கலைந்திருந்தது. அது எப்போதும் அப்படித்தான். முன்னால் முடிப்பது முன்னால் வரும். கடைசி வரியில் மட்டும் எண் இல்லை. 'கைவிடப்பட்டது' என்ற சிவப்புக் குறிப்பும் வந்து சேர்ந்த நேரமும் இருந்தன. திங்கட்கிழமை காலை பதினொன்று நாற்பது.

அந்த அறை ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்குவதற்கு இருந்தது. நல்லேப்பிள்ளியில் மழை பிடித்துவிட்டால் சுவரிலிருந்து பழைய சாக்கின் வாசம் கசியும். அதன்மேல் கணினிக்குள் இருந்த கிராஃபிக்ஸ் கார்டு சூடாகும் வாசம் படியும், தோசைக்கல்லில் தூசி கருகுவதுபோல. கார்டின் மூன்று விசிறிகளும் ஒரே சுருதியில் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் சோதித்துக்கொண்டிருந்தது, பெரிய கணக்குகளை ஆயிரம் துண்டாக்கி அந்தக் கார்டில் ஒரே நேரத்தில் போட வைக்கும் மென்பொருளை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். லினக்ஸுக்காக எழுதியது. அதை வேறோர் இயங்குதளத்தில் ஓட வைக்க ஏழு மாதமாக அவளும் கௌசிக்கும் மெனக்கெட்டிருந்தார்கள். கௌசிக் கல்லூரியில் அவளோடு இயற்பியல் படித்தவன், வேலந்தாவளத்துக்காரன். அன்று மாலை வெளியிடுவதாக உலகத்துக்கே சொல்லி வைத்திருந்தான்.

போனில் சொன்னபோது சிரித்தான்.

"ஒண்ணு அதிகமா வந்தா நல்லதுதான புள்ள. கொறைஞ்சாத்தான் கவலை."

"எங்கிருந்து வருதுன்னு தெரியலையே."

"அடுத்த மாசம் தேடலாம். இப்ப டெஸ்ட் பச்சையாகோணும், அவ்வளவுதான். அறுபத்தஞ்சுன்னு எழுதி உட்டுரு. ஒரு பயலும் எண்ணிப் பார்க்க மாட்டான்."

விடைகளை எண்ணும் வரியை அவளே எழுதியிருந்தாள். இத்தனை பேர் வரும்வரை காத்திரு. அதற்குப் பின் வருவதைக் கைவிடு. அறுபத்து நான்கு என்றிருந்ததை அறுபத்தைந்தாக்கினாள். பக்கத்தில் 'பிறகு பார்க்க வேண்டும்' என்று குறிப்பு எழுதினாள். ஓட்டினாள். பச்சை.

ஒரு மணிக்கு அம்மா சோறுண்ணக் கூப்பிட்டாள். முன்கூடமான ஆசாரத்தில் நான்கு தட்டுகள் இருந்தன.

அந்த வீட்டில் மூன்று பேர். அப்பா ஆறுச்சாமி, அம்மா மருதாத்தாள், அவள். யாரோ விருந்தாளி என்று நினைத்து உட்கார்ந்தாள். அப்பா வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் விதைநெல்லுக்கு வரிசையில் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டே பிசைந்தார். அம்மா சோற்றுக்குண்டாவோடு நின்று பரிமாறினாள். நான்காவது தட்டிலும் போட்டாள். மற்ற தட்டுகளைவிட ஒரு கரண்டி அதிகம்.

"யாருக்கும்மா?"

"யாருக்கா?" அம்மா அப்பாவைப் பார்த்தாள். "கேட்டீங்களா உங்க புள்ள கேக்கறத?"

"கம்ப்யூட்டரையே பாத்துப் பாத்து மூளை கொழம்பிருச்சு," என்றார் அப்பா.

கொல்லைப்புறப் பொடக்காளியில், கிணற்றடிக்குப் பக்கத்துக் குழாயில், யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டுகிற மழையில் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. சொம்பு வாளியில் மோதும் ஓசை, தண்ணீர் உடம்பில் விழும் ஓசை, மறுபடி சொம்பு. அவசரமில்லாமல். பிறகு அது நின்றது. ஈரப் பாதங்கள் சமையலறையைக் கடந்து வந்தன. அவளுக்கு இடப்பக்கம், நான்காவது தட்டின் முன்னால், ஏதோ உட்கார்ந்தது.

திரும்பிப் பார்த்தாள். பார்வை தட்டிலேயே வந்து நின்றது. மறுபடி திருப்பினாள். தட்டு. சோறு குறைந்துகொண்டிருந்தது. மெல்லும் சத்தம் இருந்தது. ஈரச் சாக்கின் வாசமும், கருகிய தூசியின் வாசமும்.

"அதுக்கு ரசம் ஊத்து," என்றார் அப்பா.

அம்மா ஊற்றினாள்.

செவ்வாய்க்கிழமை வாசலில் நான்கு ஜோடி செருப்புகள் இருந்தன. நான்காவது ஜோடி பழையது, குதிகால் தேய்ந்தது, பல வருஷம் போட்டு நடந்தது. அன்று மத்தியானம் அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து யாருக்கோ தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. சீப்பு பிடித்த கை மேலே போனது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு தலைமுடிக்கு அவ்வளவு நீளம் இருக்க முடியாது.

"எப்பவும் சொன்ன பேச்சுக் கேக்கும் இது," என்று திரும்பாமலே சொன்னாள் அம்மா. "உன்னாட்டம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காது. இனி உன்ற கட்டில அதுக்கு உட்டுக் குடுத்துரு கண்ணு. நீ கீழ பாயில படுத்துக்க."

புதன்கிழமைதான் அதைக் கவனித்தாள். எல்லாரும் எழுந்த பிறகு அம்மா குண்டாவைச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அது மூன்று முறை கேட்டு வாங்கியிருந்தது, கேட்டது என்று சொல்ல முடியாது, தட்டை நகர்த்தும், அவ்வளவுதான். அம்மா கரண்டியால் அடியைச் சுரண்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீ உண்டியாம்மா?"

"உண்டாச்சு, உண்டாச்சு."

"நேத்து?"

"நேத்தும் உண்டேன். போ, போய் வேலையப் பாரு."

அவள் கையில் வளையல்கள் முழங்கைவரை ஏறி நின்றன. மூன்று நாளில் அப்படி இளைக்க முடியாது. கன்னத்தில் எலும்பு தெரிந்தது. கண் மட்டும் நிறைவாக இருந்தது, பிள்ளை நன்றாகச் சாப்பிடுவதைப் பார்த்த கண்.

அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு கௌசிக்கைக் கூப்பிட்டாள். அவனும் அந்த மென்பொருளைத் தன் வீட்டுக் கணினியில் ஓட்டியிருந்தான்.

"உங்கூட்ல எத்தன பேரு?"

"இதென்ன கேள்வி? ஆறு பேரு."

அவன் தங்கச்சியின் பூப்புச் சீருக்கு அவள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அப்பா, அம்மா, அவன், இரண்டு தங்கைகள்.

"அஞ்சு பேரு, கௌசிக்."

"எண்ணிச் சொல்றியா எனக்கு?" சிரித்தான். "நான் பொறந்ததுல இருந்து ஆறு பேருதான். இரு, என்னமோ கேக்குது." போனைக் கீழே வைத்தான். தட்டு ஒன்று தரையில் நகரும் சத்தம் கேட்டது. அவன் திரும்ப வரவில்லை.

செல்வப்பிரியா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் மூன்று மணி. மழை விட்டிருந்தது. தாழிட்ட அறைக்குள் கார்டு ஓடவில்லை, விசிறி சுற்றவில்லை, ஆனாலும் கருகல் வாசம் வந்தது. பின்கழுத்தில் சூடான காற்று பட்டது. நின்றது. பட்டது. நாற்காலியின் முதுகு மெல்லப் பின்னால் சாய்ந்தது, யாரோ அதன்மேல் கை ஊன்றித் திரையைப் படிப்பதுபோல.

அவளும் படித்தாள். வேறெங்கும் பார்க்க முடியவில்லை. இத்தனை பேர் வரும்வரை காத்திரு. அதற்குப் பின் வருவதைக் கைவிடு.

மறுபடி அறுபத்து நான்கு என்று எழுதி ஓட்டினால் ஒன்று கைவிடப்படும். எது? எண்ணில்லாதது என்று எங்கேயும் எழுதவில்லை. கடைசியில் வருவது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. இங்கே எண் கூடியபோது வீட்டில் கூடியது. இங்கே கைவிட்டால் வீட்டிலும் கடைசியில் வருவது கைவிடப்படும்.

வீட்டில் கடைசியில் வருவது அதுதான். மூன்று நாளும் பார்த்திருக்கிறாள். அப்பாவும் அவளும் உட்கார்ந்த பிறகுதான் குழாயடியில் சொம்புச் சத்தம் நிற்கும்.

விரல் திருத்தம் செய்தது. பின்கழுத்தில் காற்று பட்டுக்கொண்டிருந்தது. அது தடுக்கவில்லை.

வியாழக்கிழமை மடிக்கணினியை ஆசாரத்துக்குக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். அங்கிருந்தே அறையிலிருந்த கார்டுக்கு வேலை அனுப்ப முடியும்.

"சோத்துக்கு முன்னால என்னத்துக்கு அது?" என்றார் அப்பா.

"ரெண்டே நிமிஷமுங்கப்பா."

அப்பா உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்தாள். பொடக்காளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சொம்பு. தண்ணீர். சொம்பு. அம்மா குண்டாவைத் தூக்க முடியாமல் இடுப்பில் சாய்த்துக்கொண்டு வந்தாள். நடக்கும்போது ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. நாளைக்கு நன்றாக உண்பாள் என்று நினைத்தாள் செல்வப்பிரியா. நாளைக்கு அவளுக்குக் குண்டாவில் மிச்சமிருக்கும்.

ஓட்டினாள்.

அறையில் விசிறிகள் எழுந்தன. வந்த விடைகளைக் காட்டும் கோடு திரையில் நகர ஆரம்பித்தது. குழாயடியில் சத்தம் நின்றது. ஈரப் பாதங்கள். சமையலறை. வாசற்படி. இடப்பக்கத்தில் உட்காரும் பலகை அழுந்தியது. அது உட்கார்ந்துவிட்டது.

திரையில் அறுபத்தொன்று.

அப்பா வந்தார், ஒன்று. நான், இரண்டு. அது, மூன்று. எண்ணி முடித்துவிட்டு அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். வீட்டில் மூன்று பேர். மூன்று பேர் உட்கார்ந்தாயிற்று, கடைசியில் வந்தது அதுதான்.

அறுபத்திரண்டு.

மூன்று.

நின்றுகொண்டு சோறு போடும் கையைப் பார்த்தாள். ஏறி நின்ற வளையல்களைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இந்த ஆசாரத்தில் உண்டிருக்கிறாள். ஒரு நாளும் அந்தக் கை உட்கார்ந்ததில்லை. ஒரு நாளும் அவள் அதை எண்ணியதில்லை.

"அம்மா, உக்காரு."

"சித்தெ இரு, கொழம்பு ஊத்தீட்டு."

"உக்காரும்மா. இப்பவே. என்ற தட்டுல உக்காரு."

"நீங்கெல்லாம் உண்ணுங்க. நான் கடைசில உண்டுக்கறேன். என்னைக்கு நான் முன்னால உக்காந்தேன், இன்னைக்குப் புதுசா உக்கார?"

நிறுத்தும் விசையை அழுத்தினாள். கார்டுக்குள் போன வேலை திரும்பி வராது. அவளுக்குத் தெரியும். அழுத்தினாள். அழுத்தினாள். எழுந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். எலும்பு. சூடு இருந்தது.

"என்ன கண்ணு, இப்பிடி இழுக்கற? ஒடம்புக்கு..."

அறுபத்து நான்கு.

அவள் கை தன் உள்ளங்கையையே பிடித்திருந்தது.

சோற்றுக்குண்டா தரையில் இருந்தது, யாரோ மெதுவாக இறக்கி வைத்ததுபோல. திரை பச்சையாக இருந்தது. மூன்று தட்டுகள். விசிறிகள் தணிந்தன. வெயில் வந்திருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை மிதித்துக் கிளப்பினார்கள்.

"அப்பா."

"ம்."

"அம்மா எங்கீங்கப்பா?"

அப்பா நிமிர்ந்து அவளுடைய இடப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்ன கேள்வி கேக்குற நீ? பக்கத்துல உக்காந்துட்டுத்தான இருக்குது? எந்திரிச்சுப் போடு மருதாத்தா, புள்ள தட்டு காலியா இருக்குது பாரு."

இடப்பக்கத்துப் பலகை நிமிர்ந்தது. ஈரப் பாதங்கள் குண்டாவை நோக்கிப் போயின. செல்வப்பிரியா தன் தட்டுப் பக்கம் திரும்பினாள். உட்கார்ந்தாள். தட்டில் சோறு விழுந்தது. ஒரு கரண்டி. இன்னொன்று. ரசச்சட்டியின் மூடி திறந்தது. கொதி அடங்காத ரசம். மிளகின் ஆவி முகத்தில் பட்டது, அதற்கடியில் ஈரச் சாக்கு, கருகிய தூசி.

ரசம் சோற்றின்மேல் விழுந்தது. தட்டு நிறைந்தது. கரண்டி சட்டிக்குள் போய் வந்தது. தட்டின் விளிம்பைத் தாண்டித் தரையில் ஓடியது. கரண்டி போய் வந்தது. அவள் மடியில் ஓடியது. தொடையில். சுட்டது. கத்தினாள்.

"கத்துனா நிறுத்துமா?" அப்பா தன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "போதும்மான்னு சொல்லு. எப்பவும் சொல்றவதான நீ."

கரண்டி அவள் முகத்துக்கு நேராக, நிறைந்து, ஆவி பறக்க, சாயாமல் நின்றது. அதைப் பிடித்திருந்த பக்கம் அவள் கண் போகவில்லை. பின்கழுத்தில் காற்று பட்டது. ரொம்பப் பக்கத்தில். அது காத்திருந்தது.

அதை அம்மா என்று கூப்பிடாமல் அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

கரண்டி சாய்ந்தது. சட்டிக்குப் போனது. நிறைந்து வந்தது.